பம்மல் பதிவேட்டில் கிருபா

ஒரே ஒரு தாளை வாங்கி வரத்தான் நோர்வேயிலிருந்து தாம்பரத்துக்குப் போனேன். என் மகள் ஆரணியின் பிறப்புச் சான்றிதழ். அவள் பிரான்ஸ் நாட்டுப் பையன் ஒருவனைத் திருமணம் செய்யப் போகிறாள். அங்கே கல்யாணத்தைப் பதிவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அவளிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது. பிறந்ததற்கு மட்டும் அத்தாட்சி இல்லை.

ஆரணி பம்மலில் ஒரு சின்னப் பிரசவ மருத்துவமனையில் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் அங்கே வாடகைக்கு இருந்த காலம். அவளுக்கு ஒரு வயது ஆகுமுன்பே தூக்கிக்கொண்டு நோர்வேக்குப் போய்விட்டேன். என் கடவுச்சீட்டில் அவள் பெயரை ஏற்றி, ஒரு சத்தியக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. நான் பெர்கன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். பத்து நாள் விடுப்புத் தந்தார்கள். கணவர் முழங்காலில் அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார். தனியாகவே கிளம்பினேன்.

ஞாயிறு மாலை மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் ஓர் அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினேன்.

"இடியப்பம் இருக்கோ? சொதியோட?" என்று கேட்டேன்.

"சொதின்னா என்னாக்கா?" என்றார் பரிமாறுகிறவர்.

"தேங்காய்ப்பால்ல வைக்கிறது."

"தேங்காப்பால் கீது. சர்க்கரை போட்டு. நீங்க கேரளாவா?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. பம்மலில் இருந்த அந்த நாட்களில் பேருந்தில், கடையில், யாராவது கேரளாவா என்று கேட்டால் எனக்கு மூச்சு வரும். எங்களூர்க்காரர்களைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த காலம். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து பயந்து, வெளியில் பாதி நேரம் ஊமையாகவே இருந்திருக்கிறேன். இப்போது கையில் நோர்வேக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டும் அதே பொய். இரண்டு இடியப்பத்தை இனிப்புப் பாலில் தொட்டுச் சாப்பிட்டேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் சாப்பாடு என்று சொல்ல முடியாது. மறுநாள் காலை அதே கடையில் வடகறி கொடுத்தார்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் போட்டது. அதற்காக மட்டுமே இன்னொரு முறை தாம்பரம் வரலாம்.

திங்கட்கிழமை முதலில் இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஆரணி பிறந்த வருடத்தைக் கேட்டதுமே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அவ்ளோ பழசெல்லாம் ஆன்லைன்ல ஏறல ஆன்ட்டி. கையால எழுதின ரிஜிஸ்டர்ல இருக்கும். நீங்க பம்மல் ஆபீசுக்கே போயிடுங்க."

பல்லாவரம் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பெர்கனில் பேருந்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு அடுத்ததில்தான் உட்காருவார்கள். இங்கே நான் ஏறி உட்கார்ந்த உடனே ஒரு பெண், "கொஞ்சம் புடிச்சுக்கோக்கா" என்று முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையை என் மடியில் வைத்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. பாதி வழியில் ஆட்டோ இருமி நின்றது.

"காஸ் காலி. பேஜாராப் பூட்ச்சு. ரெண்டே நிமிசம், நடந்துடுங்கக்கா" என்றார் ஓட்டுநர். வெயிலில் கால் மணி நேரம் நடந்தேன். முன்பெல்லாம் தோல் பதனிடும் இடங்களின் வாடை அடித்தால் பம்மல் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். இப்போது வாடை குறைவு. அடுக்குமாடிக் கட்டடங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

பிறப்பு இறப்புப் பிரிவில் சாந்தி என்று ஓர் அம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன்: பிறந்த தேதி, மருத்துவமனை, தாய் பெயர் தவமலர், தந்தை பெயர். வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்ட் ரூம் சாவி வச்சிருக்கறவர் வெளிய போயிருக்காரும்மா. நாளைக்குக் காலையில வந்துடுங்க, எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

சொன்னபடியே மறுநாள் எடுத்து வைத்திருந்தார்கள். உதவியாளர் ஏழுமலை சிவப்புத் துணி ஒட்டிய நீளமான பதிவேட்டை இரண்டு கையாலும் தாங்கி வந்து மேசையில் வைத்தார். தும்மினார். "இத யாரும் தொட்டு எவ்ளோ நாளாச்சோ. நம்ம கண்ணாலம் ஆன வருசம்மா இது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாந்தி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். என் பெயர் இல்லை. முன்னும் பின்னும் ஒரு வாரம் பார்த்தார். இல்லை.

"பேரை விடுங்க மேடம். அந்தத் தேதியில அந்த ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளையள் இருக்கோ எண்டு பாருங்கோ" என்றேன்.

"அன்னிக்கு ரெண்டு பதிவு. ஒண்ணு ஆண் குழந்தை. இன்னொண்ணு பெண். அம்மா பேரு எஸ்தர், அப்பா பேரு சாமுவேல்." முகவரியையும் படித்தார். அது நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு முகவரி.

அன்று நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும்.

எஸ்தர் அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை. என் கணவர் முன்கூட்டியே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டிருந்தார். எனக்கு இருபத்து நான்கு வயது, நிறைமாதம், துணைக்கு யாருமில்லை. வலி எடுத்த அன்று மருத்துவமனையில் இலங்கைக்காரர் என்றால் போலீஸ் நிலையத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதம் வாங்கப் போனால் திரும்பி வருவோமா என்று தெரியாத நேரம். எஸ்தர் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு இன்னொரு சின்ன மருத்துவமனைக்குப் போனார். வாசலிலேயே சொன்னார்: "நீ வாயைத் தொறக்காத. உன் பேரு எஸ்தர். நான் உன் அக்கா."

மூன்று நாள் நான் எஸ்தராக இருந்தேன். பால் கொடுக்க எழுப்பும்போது எஸ்தர் அக்கா தன் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிடுவார். நர்ஸ் என்னை வாய் பேச முடியாதவள் என்றே நினைத்திருந்தாள். பிரசவ வலியில் மட்டும் 'அம்மா' என்று கத்தினேன். அந்தச் சொல்லில் யாரும் ஊர் கண்டுபிடிக்க முடியாது.

"ஆஸ்பத்திரி நோட்டுலதான் என் பேரு. ஆபீஸ்ல அப்புறம் சொல்லி மாத்திக்கலாம்" என்று அப்போது சொன்னார். மாற்றியிருப்பார் என்று நான் நம்பிக்கொண்டு நோர்வேக்குப் போனேன். மூன்று வருடம் கடிதம் எழுதிக்கொண்டோம். பிறகு நான் வேலை, இரண்டாவது பிள்ளை, புது மொழி என்று எழுதாமல் விட்டேன். அவருடைய கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

"குழந்தை பேரும் இருக்கும்மா" என்றார் சாந்தி. "கிருபா."

நான் எட்டிப் பார்த்தேன். மற்ற கட்டங்களெல்லாம் நீல மை. பெயர்க் கட்டத்தில் மட்டும் கறுப்பு மை; பக்கத்தில் யாரோ போட்ட சின்னக் கையெழுத்தும் தேதியும். அந்தத் தேதியில் நானும் ஆரணியும் நோர்வேயில் இருந்தோம். அவள் பனியில் முதன்முதலாகக் கால் வைத்து அழுத மாதம் அது.

நான் இல்லாதபோது என் பிள்ளைக்கு ஒருத்தி பெயர் வைத்திருக்கிறாள். முதலில் வந்தது நன்றி அல்ல, கோபம்தான். அதை மறைப்பானேன்.

சாந்தி என்னையே பார்த்தார். எல்லாம் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். "எழுத்துப் பிழைன்னா நாங்களே திருத்துவோம். அம்மா பேரையே மாத்தணும்னா கோர்ட் ஆர்டர் வேணும்மா. இந்த எஸ்தர் வந்து இது என் குழந்தை இல்லன்னு சொன்னாத்தான் எதுவும் நடக்கும்." பிறகு குரலைத் தணித்து, "அவங்க உயிரோட இருக்காங்களா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை முழுக்க எஸ்தர் அக்காவைத் தேடினேன். பழைய வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி. கீழே தையல் கடை வைத்திருந்த பெண்ணுக்கு யாரையும் தெரியவில்லை. எஸ்தர் அக்கா ஞாயிறுதோறும் போகும் கிறிஸ்தவ சபையின் ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டே போனேன். அலுவலக அறையில் ஒரு பெரியவர் சபைப் பதிவேட்டைப் புரட்டாமலேயே சொன்னார்: "எஸ்தர் டீச்சரா? ரிட்டயர் ஆகி செம்பாக்கம் போயிட்டாங்களே. சாமுவேல் சார் தவறிட்டாரு. டீச்சர் நல்லா இருக்காங்க." யார், என்ன என்று கேட்டார். பழைய பக்கத்து வீட்டுக்காரி என்றேன். போன் நம்பரை எழுதித் தந்தார். நான் அழைக்கவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வியாழன் காலை கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். செம்பாக்கம் என்று கேட்டு ஏறியும், கண்டக்டர் கூவிய நிறுத்தத்தின் பெயர் கூட்டத்தில் என் காதில் விழாமல், மூன்று நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினேன். திரும்பி நடந்தேன். நல்லவேளை, வழியில் ஏரிக்கரை. தண்ணீர் விளிம்புவரை நின்றது, ஆகாயத்தாமரை பாதியை மூடியிருந்தது, மீதியில் கொக்குகள். பெர்கனில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான், ஆனால் குளிர்ந்து, யாரையும் பக்கத்தில் சேர்க்காத தண்ணீர். இங்கே ஏரியைப் பார்த்துத் துணி உலர்த்தியிருந்தார்கள், பால்கனி வைத்திருந்தார்கள், கரையோரம் ஒருவர் வண்டியில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். நான் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துக்கொண்டே என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நிறைய கோபமான வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தவரின் தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எஸ்தர் அக்கா, நான்..."

"மலர்" என்றார். என் குரல் போதுமாக இருந்தது அவருக்கு. என் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்தார். "குழந்தை எப்படி இருக்கா? அதைச் சொல்லு மொதல்ல."

ஆரணியின் படங்களைப் போனில் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நெத்தி உன்னுதுதான்" என்றார். உட்காரவைத்து, சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டார். தேங்காய் அரைத்த நாகர்கோவில் குழம்பு. ஐந்து நாளில் அன்றுதான் எனக்கு வயிறு நிறைந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பதிவேட்டில் பார்த்ததைச் சொன்னேன். கறுப்பு மையையும் சொன்னேன்.

அவர் மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"நீ போன நாலஞ்சு மாசத்துல ஹெல்த் நர்ஸ் வீட்டுக்கு வந்தாங்க மலர். கையில ஒரு லிஸ்ட். 'எஸ்தர், பெண் குழந்தை, தடுப்பூசி ஏன் போடல'ன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல போய் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே நான் போகல. பயம். பொய் சொல்லிப் பதிஞ்சேன்னு வேலை போயிடுமோன்னு. அதனால குழந்தை எங்க அம்மா வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன். 'பேரே இன்னும் குடுக்கலியே, என்ன பேரு'ன்னு ஃபாரத்தை நீட்டினாங்க."

"ஆரணி எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கலாம். வாயில அது வரல. எனக்குப் பொறந்தா வைக்கணும்னு வச்சிருந்த பேரு வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடுத்த வருஷமும் வந்தாங்க. அப்புறமும் வந்தாங்க. ஒருநாள் அந்த நர்சே என் பக்கத்துல உக்காந்து, 'டீச்சர், குழந்தை தவறிடுச்சா? சொல்லிடுங்க, லிஸ்ட்ல அடிச்சிடறேன்'னாங்க. அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். என்னால சொல்ல முடியல. நல்லா இருக்கா, நல்லா வளர்றான்னேன். பொய்யில்லையே, நல்லாத்தானே வளர்ந்தா."

"சாமுவேல் அண்ணனுக்குத் தெரியுமோ?"

"பேரு வச்சது தெரியாது. அவர்கிட்ட அதைச் சொல்லி ரெண்டு பேரும் அழறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

கோபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் வந்த காரியம் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு இந்தத் தாள் வேண்டும் என்பதையும், கோர்ட்டுக்கு அவர் வரவேண்டும் என்பதையும் சொன்னேன்.

"வந்து என்ன சொல்லணும்?"

"அது உங்கட பிள்ளை இல்லை எண்டு."

ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "பிள்ளை இல்லன்னு நான் எத்தனை எடத்துல எழுதியிருக்கேன் தெரியுமா? ஆபீஸ் ஃபாரம், பென்ஷன் ஃபாரம், ஆஸ்பத்திரி ஃபாரம். எல்லாத்துலயும் இல்ல, இல்ல, இல்லன்னுதான். அந்த ஒரு புஸ்தகத்துல மட்டும்தான் இருக்குன்னு இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு மூணு நாள் குடு மலர்" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு அறையில் இருக்க முடியவில்லை. மின்சார ரயிலில் ஏறிப் பொத்தேரி வரை போனேன், காரணமில்லாமல். ரயில் காலியானதும் ஜன்னலோரம் கிடைத்தது. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, அவர்கள் போன கடையிலேயே பிரியாணி சாப்பிட்டேன். எதிரில் இருந்த பெண் தன் தாயோடு வீடியோவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "சாப்ட்டுகினுதாம்மா இருக்கேன், பாரு!" என்று தட்டைக் காமிராவுக்குக் காட்டினாள். நான் ஆரணியை அழைத்தேன். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப எனக்கு இன்னொரு பேர் இருக்கா?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவா எப்பிடி இருக்கிறா அம்மா?" என்று கேட்டாள். அதற்கும் பிறகு, "அவாவுக்குக் கஷ்டமெண்டால் விடுங்கோ. நாங்கள் பதியாமலும் சேர்ந்து இருக்கலாம். இங்க ஆரும் கேக்க மாட்டினம்."

அவள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை இல்லை என்பது அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. எனக்கு அந்தத் தாள் கல்யாணத்துக்காக மட்டும் வேண்டியதாக இல்லை. நான் பெற்றேன் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்க வேண்டும். ஊர், வீடு, பெயர் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துப் பெற்ற பிள்ளை அவள். எஸ்தர் அக்கா கேட்பதும் அதையேதான் என்று புரிந்ததும் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தேன். ஒரே பிள்ளை, ஒரே வரி, இரண்டு பேர் கேட்கிறோம். அவர் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை காலையில் அந்த முடிவை மாற்றினேன். மதியம் மறுபடி மாற்றினேன்.

ஞாயிறு மாலை அவரே அழைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்குத் தாம்பரம் வந்துடறேன். என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி வக்கீலா இருக்கா. அவகிட்ட பேசிட்டேன்."

அந்த வக்கீல் பெண் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் எங்களை உட்காரவைத்து, முழுக்கதையையும் குறுக்கிடாமல் கேட்டாள். "டீச்சர், இதுல யாரும் ஏமாந்து நஷ்டப்படல. நீங்க பயப்படாதீங்க, உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கோர்ட்ல உங்களை நேரா கேப்பாங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றார் எஸ்தர் அக்கா. "நான் மலருக்குப் பேரைக் குடுத்தது குழந்தை நல்லபடியா பொறக்கணும்னு. இப்ப அதே குழந்தைக்கு அது தடையா நிக்கக் கூடாது."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு முடிய ஏழு மாதமானது. நானும் ஆரணியும் பெர்கனில் ரத்தம் கொடுத்து, தாயும் மகளும்தான் என்ற சோதனை அறிக்கையை அனுப்பினோம். எஸ்தர் அக்கா மூன்று முறை கோர்ட்டுக்குப் போனார். ஒருமுறை நீதிபதி வராமல் மதியம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். உத்தரவு வந்தது, பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதினார்கள், என் பெயர் போட்ட சான்றிதழ் வந்து சேர்ந்தது. ஆரணிக்குக் கல்யாணம் நடந்தது. வந்த காரியம் இதுதான். ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் நிற்பது இதுவல்ல. வக்கீலைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் பம்மல் அலுவலகத்தில் பார்த்ததுதான்.

கோர்ட்டில் மனுப் போடுவதற்கு, இப்போது பதிவேட்டில் இருக்கிறபடியே ஒரு சான்றிதழ் நகல் வேண்டும் என்றாள் வக்கீல். அதற்கு விண்ணப்பிக்கப் பதிவில் உள்ள தாய்தான் வரவேண்டும். எஸ்தர் அக்காவும் நானும் ஆட்டோ பிடித்துப் பம்மலுக்குப் போனோம். சாந்தி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் விண்ணப்பத்தை நீட்டினார். எஸ்தர் அக்கா நிரப்பினார். எத்தனை நகல் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிவிட்டு, அடித்து, இரண்டு என்று எழுதினார்.

"கோர்ட்டுக்கு ஒண்ணு போதும்மா" என்றார் சாந்தி.

"தெரியும்மா. இன்னொண்ணு எனக்கு."

சாந்தி தலையசைத்தார்.

பெஞ்சில் காத்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், இறப்புச் சான்றிதழுக்கு வந்திருந்த, மொட்டையடித்த ஒருவர். கவுண்டரில் வேறொரு இளைஞர் வந்து உட்கார்ந்து, அச்சடித்த தாள்களை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"கிருபா! கிருபாவோட அம்மா யாருங்க?"

என் உடம்பு அசைந்தது. எழுந்திருக்கத்தான் போனேன். அதற்குள் பக்கத்தில் எஸ்தர் அக்கா முழங்காலில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"நான்தான்" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

நான் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

அவர் தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். திரும்பக் கவுண்டருக்குப் போனார்.

"தம்பி, இதுல கிரூபான்னு அடிச்சிருக்கு. 'ரு' குறில். ரிஜிஸ்டர்ல சரியாத்தான் இருக்கு, பாருங்க."

இளைஞர் சலித்துக்கொண்டார். "ஒரு சுழிதானேம்மா. என்ன பெரிய வித்தியாசம்?"

"பேரு தம்பி" என்றார் எஸ்தர் அக்கா. "தப்பா இருக்கக் கூடாது."

இன்னும் சில மாதங்களில் செல்லாமல் போகப்போகிற தாள் அது என்று அங்கே இருந்தவர்களில் மூன்று பேருக்குத் தெரியும். சாந்தி தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, இளைஞரின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அந்த எழுத்தைத் தானே திருத்தினார். அச்சு இயந்திரம் இரண்டு நகலையும் மறுபடி மெதுவாகத் தள்ளியது. எஸ்தர் அக்கா அவற்றையும் படித்துப் பார்த்தார். இந்த முறை தலையை ஆட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்று இளைஞர் ஒரு நோட்டைத் திருப்பி வைத்தார். பெயர், தேதி, உறவுமுறை என்று மூன்று கட்டம். எஸ்தர் அக்கா பேனாவைக் கேட்டு வாங்கினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டையான எழுத்தில் பெயரை எழுதினார், தேதியை எழுதினார். மூன்றாவது கட்டத்தில், அவசரமே இல்லாமல், 'தாய்' என்று எழுதினார்.